கேக் கண்டெடுத்த எறும்பு

ஒரு வீட்டுச் சமையல் மேடையில் கப் கேக் போல ஒரு சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. ரோஜா நிறக் கிரீம், ஸ்ட்ராபெரி வாசனை எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் கைவண்ணம்.

பவழம் என்ற எறும்பு அதைத் தூரத்தில் பார்த்ததுமே ஓடிப்போய், "கேக் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று புற்று முழுக்கச் சொல்லிவிட்டாள். திரும்பி வந்துதான் கடித்துப் பார்த்தாள்.

"நான் சோப்பும்மா," என்றது சோப்பு தயக்கத்துடன்.

பவழத்துக்குப் பகீரென்றது. "ஐயோ, மெதுவாப் பேசு! என் ஓரகத்தி வர்றா. எனக்கு ஒரு சர்க்கரைத் துணுக்குகூடக் கண்டுபிடிக்கத் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கறவ. இனிமே என்னைப் புற்றுக்குள்ள தலைகாட்ட விடுவாளா?"

அதற்குள் ஓரகத்தி மரகதம் வந்தேவிட்டாள்.

"இதுதான் உன் கேக்கா? பேக்கரியிலயே பொறந்து வளர்ந்தவ நான். என்கிட்டயேவா?" என்றபடி கிரீமில் ஒரு வாய் கடித்தாள்.

அவள் வாயோரம் நுரை பொங்கியது. ஒரு குமிழி மெல்லப் பெரிதாகி, பட்டென்று உடைந்தது. பவழம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மரகதம் சிரமப்பட்டு விழுங்கினாள்.

"வெளிநாட்டுப் பக்குவம். உனக்கெல்லாம் புரியாது. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்."

சோப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தது. பவழம் முந்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாததா அக்கா! இன்னொரு வாய் எடுத்துக்குங்க."

மரகதம் எடுத்துக்கொண்டாள்.