நாக்கில் பட்ட சாம்பல்

நாக்கில் வைத்தால் இது எப்படி இருக்கும்?

வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். முன்னால் நின்ற மாமியாரின் முக்காட்டையே பார்த்தாள். அது வழுக்கிக் காதருகே நின்றது. கேள்வியும் போகாமல் நின்றது.

கறுப்பாக இருக்கிறது. கறுப்புக்கு ருசி உண்டா?

கோயிலுக்குப் பின்னால் இதை எரித்தபோது பார்த்திருந்தாள். போன வருஷக் குருத்தோலை ஞாயிற்றில் கொடுத்த ஓலைகள். வீடுகளில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகியிருந்தவை, காய்ந்து, சிலந்தி நூலோடு வந்து குவிந்தன. கோயில்பிள்ளை ஒரு தகர டின்னில் போட்டுக் கொளுத்தினார். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சலித்தார், மாவு சலிப்பதைப் போல.

அவளுக்கு இது முதல் தவக்காலம். போன ஆவணியில் ஞானஸ்நானம். அடுத்த வாரமே கல்யாணம்.

அதுவரை நெற்றியில் திருநீறு இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. அம்மா மூன்று விரலால் இழுத்துவிடுவாள். விரலில் மிஞ்சியதை மகளின் நாக்கில் வைப்பாள். காய்ச்சலுக்கும் அதுதான். பரீட்சைக்கும் அதுதான். கெட்ட கனவுக்கும் அதுதான்.

கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை.

புது வீட்டில் அவள் நெற்றியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே விட்டுவிட்டாள். முகம் கழுவி நிமிரும்போது மட்டும், கை எதையோ தேடுவது போல ஒரு கணம் நிற்கும்.

இன்றைக்குக் கோயிலே சாம்பல் பூசுகிறது. வருஷத்தில் ஒரு நாள்.

ஏன் ஒரே ஒரு நாள்?

யாரிடம் கேட்பது?

ஊதா அங்கியில் சாமியார் குனிந்தார். மண்ணைப் பற்றி, மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் கட்டைவிரலைத்தான் கவனித்தாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒன்று.

மூக்கின்மேல் தூள் உதிர்ந்தது.

கை அவளைக் கேட்கவில்லை. உதிர்ந்ததை விரல் தொட்டது. விரல் வாய்க்குப் போனது.

கசப்பு. அடுப்புக்கரியின் கசப்பு. பல்லில் நறநறத்தது.

வேறுதான். வேறு என்று தெரிந்துகொண்டதில் ஏனோ சந்தோஷம்.

ஆனால் விழுங்கியதும் நெஞ்சில் ஏதோ இறங்கி அமர்ந்ததே, அது மட்டும் எப்படி அதேபோல் இருக்கிறது?

யோசித்துக்கொண்டே மற்றவர்களோடு போய் நன்மை வாங்கினாள். இயேசுவின் உடல் என்று சொல்லித்தந்திருந்த வெள்ளை அப்பம் நாக்கில் கரையும்வரை கண்ணை மூடியிருந்தாள்.

பூசை முடிந்து பெஞ்சுகள் கலைந்தன. சாம்பல் வரிசையில் பின்னால் நின்றிருந்த அடுத்த வீட்டு ஞானப்பூ எட்டி அவள் தோளைத் தட்டினாள்.

"ஏட்டி, ஒருசந்தி அன்னைக்கு ஒருவேளதான் சாப்பாடு. நீ சாம்பலைத் தின்னு முடிச்சிட்டியே! இனி ராத்திரிக் கஞ்சி கிடையாது உனக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மாமியார் சிரிக்கவில்லை.

மாமியார் நல்லவள். மகன் இவளைக் கூட்டி வந்த நாளில், தெருவே கூடி நின்று பார்க்க, முதலில் இவள் கையைப் பிடித்தவள். இன்று காலையில்கூட, பசி தாங்கமாட்டாள் என்று யாருக்கும் தெரியாமல் கடுங்காப்பியும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்தவள்.

இப்போதும் கையைப் பிடித்தாள். தூணோரம் கூட்டிப்போனாள்.

"என்னத்துக்குட்டி வாயில வச்ச?"

"தெரியல அத்த. பழக்கம்."

"அங்க அப்படித்தான் வைப்பியளோ?"

தலையாட்டினாள்.

"அந்த நாக்குலயே நன்மையும் வாங்கியிருக்கியே, மக்கா."

குரலில் கோபமில்லை. பயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு வந்து, மரக்கூண்டு போன்ற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். பெண்கள் வரிசை கட்டினார்கள். மாமியார் அவளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினாள்.

"சாமியார்ட்ட சொல்லிரு. பழைய பழக்கம், பாவம்னு தெரியாம செஞ்சிட்டேன், இனிமே செய்யமாட்டேன்னு. திட்டமாட்டாரு. சொன்னா போயிரும்."

எது போகும்?

அவள் மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

இன்று விரல் செய்தது மட்டுமா? அதைப் பாவம் என்று சொன்னால், அதற்கு முன்னால் இருப்பதையும் சொன்னதாகத்தானே ஆகும். காய்ச்சல். பரீட்சை. கெட்ட கனவு. அம்மா வாசலில் நின்ற அத்தனை காலைகளும் தொட்டியின் மரத்தட்டியில் இருந்த சின்ன ஓட்டைகளின் வழியே உள்ளே போகும். சாமியார் மன்னித்துவிடுவார்.

மன்னித்தபின் அவை எங்கே இருக்கும்?

தட்டியோரமிருந்து ஒரு கிழவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். இடம் காலியானது.

"போ ஏட்டி" என்றாள் மாமியார். மெதுவாக. கெஞ்சுவது போல.

மரத்தில் முழங்கால் பதிந்து பதிந்து இரண்டு குழிகள் விழுந்திருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். எத்தனை பேர். எத்தனை விஷயங்கள்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும், அத்த."

ஒதுங்கி நின்று, பின்னால் இருந்த ஞானப்பூவுக்கு வழிவிட்டாள்.

மாமியாரின் கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பிடித்திருக்கிறதா, விடப்போகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.