வாடகை டயர்

ஆய்வுக்கு வரும் வண்டிகளைவிட அந்த நான்கு புது டயர்களைத்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் செங்குட்டுவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஒரு வேனில் வரும். மதியம் புரோக்கர் அவற்றையே கழற்றி ஏதாவது ஒரு பழைய காரில் மாட்டிக்கொண்டு வருவான். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைத்ததும் வாடகை டயர் திரும்பிப் போய்விடும். செங்குட்டுவன் நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்துப் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மருமகன், ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே மகள், அவள் மடியில் பேத்தி.

"எஃப்.சி.யில உங்க கையெழுத்து இருந்துச்சு மாமா. அதுக்கு மேல என்னத்தப் பாக்கறதுன்னு வாங்கிட்டேன். ஏறுங்க, கொடைக்கானல் போலாம்."

செங்குட்டுவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டயருக்கு முன்னால் குனிந்தார். அவர் மண்டையைப்போலவே வழுக்கையாக இருந்தது. நான்கும் அப்படித்தான்.

"என்னப்பா பாக்கறீங்க?" என்றாள் மகள்.

உண்மையைச் சொன்னால் கையெழுத்தின் மானம் போய்விடும். நிமிர்ந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. மலை ஏறுனா எனக்குத் தலை சுத்தும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. புள்ளைய மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."