ஏழு பாயின்ட் அறுபத்தஞ்சு

"எந்தக் குண்டு பட்டா சார் ஆளு உடனே உழுவான்?"

கன்னியம்மாள் கேட்டதும் ரவிச்சந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. பாடியில் அவர் துப்பாக்கிக் கடை வைத்துப் பதினோரு வருஷமாகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் லைசென்ஸ் பற்றித்தான் கேட்பார்கள். இந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே ஆளைச் சாய்க்கப் புறப்பட்டுவிட்டாள்.

"தனியா இருக்கீங்களா? திருட்டு பயமா?"

"தனியாத்தான் சார் கீறேன். நெமிலிச்சேரில."

போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். தோட்டா என்று யாராவது ஆரம்பித்தால் வாய் சும்மா இருக்காது. சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் அதன் மில்லிமீட்டர் அளவு 7.65 என்று அச்சடித்திருந்தது.

"இதுதான் பாயின்ட் முப்பத்திரெண்டு. நம்மள மாதிரி ஜனங்க தற்காப்புக்கு வாங்கறது. விக்கிற நானே சொல்றேன், சொத்தைம்மா. பட்டவன் லேசுல சாகமாட்டான். அரைமணி, முக்கால்மணி கிடந்து துடிப்பான்."

அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போலீசு வச்சிக்கினு கீறது?"

"அது நைன் எம்எம். பட்ட இடத்துலயே ஆளு காலி. ஆனா அத உங்களுக்குத் தரமாட்டாங்க."

"பட்டவனுக்கு வலி தெரியுமா சார்?"

துப்பாக்கி வாங்க வந்த யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

கன்னியம்மாள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள்.

"என் புள்ள அஜித்குமாரு, பருத்திப்பட்டுல ஒரு ஓனருக்குக் கார் ஓட்டிக்கினு இருந்தான். ஓனரு புதுத் துப்பாக்கிய கூட்டாளிங்களுக்குக் காட்டசொல்ல வெடிச்சிடுச்சி. முக்கா மணி நேரம் கயிச்சித்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. பட்டதுமே உசுரு பூட்ச்சின்னு அந்த ஆளு சொல்றாரு. நம்பறதா வாணாமான்னு தெரில. ராவெல்லாம் கண்ண மூட முடில சார்."

தன் வாயை நினைத்து ரவிச்சந்திரனுக்கே அருவருப்பாக இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து ஊட்டுப் பொண்ணு கேஸ் காயிதத்தைப் படிச்சி சொல்லிச்சி. குண்டு ஏழு பாயின்ட் அறுபத்தஞ்சாம்." அவள் முகத்தில் சிறு வெளிச்சம் வந்தது. "நீங்க சொன்ன முப்பத்திரெண்டு இல்லல்ல சார் இது?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று இப்போதுதான் கேட்டார். இருந்தும் அவர் கை தானாகப் போய் 7.65 என்று போட்டிருந்த அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தது.

"இது வேறம்மா. புள்ளைக்கு வலியே தெரிஞ்சிருக்காது."