ஊர்ப் பேர்

"பழனிக்கே போவோம்," என்றாள் வடிவாம்பாள். "பிள்ளைக்கு முடி எடுத்த மாதிரியும் ஆச்சு."

அடுப்படியிலிருந்து மாமியார் மாரித்தாயின் குரல் வந்தது. "ஏட்டி, புருசன் பேரை இப்படிப் பட்டுனு சொல்லுதியே, நாக்கு கூசலையா?"

"ஊர்ப் பேரைத்தானே அத்தை சொன்னேன்?"

"விடும்மா," என்று சிரித்தான் பழனி. "ஊர்ப் பேருக்கு என்ன கூச்சம்?"

சிரித்தானே தவிர, உள்ளே எங்கோ சுருக்கென்றது.

அவன் தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். பங்குனிக் கடைசியில் நான்கு நாள் லீவு கிடைத்திருந்தது. ரயில்வே பாஸும் உண்டு. குழந்தை சுந்தரியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போகப் போகிற முதல் பயணம். எந்த ஊர் என்று காலையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"ராமேஸ்வரம்?" என்றான்.

"பிள்ளை இங்கன முற்றத்து மண்ணையே திங்காம விட்டுவைக்க மாட்டேங்கா. கடற்கரையைக் கண்டா கேக்கணுமா?"

"கொடைக்கானல்?"

"நல்லா இருக்கே! ஒரு தும்மல் போட்டாலே ஒரு வாரம் மூக்கு ஒழுகுது."

"அப்பம் குற்றாலம். பஸ் ஏறினா வந்துரும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வடிவாம்பாள் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அருவியில இப்பம் தண்ணி ஏது? பாறைதான் காயும். நீங்க பழனின்னே எழுதுங்க."

மறுபடியும் பழனி!

அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அவன் வேலை முடிந்து வருவதற்குள் வெந்நீர் தயாராக இருக்கும். சட்டையில் பொத்தான் விழுந்தால் அவன் கவனிப்பதற்குள் தைத்து வைத்திருப்பாள். ஆனால் அவன் பேர் மட்டும், கடைப் பலகையைப் படிப்பது போல, அவள் வாயில் தடங்கலில்லாமல் வந்தது. ஒரே ஒரு தடவை அது அவள் நாக்கில் சிக்கிக்கொள்ளாதா என்று ஏங்கினான். இதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"மதினி, உறை மோர் கொஞ்சம் தாங்க," என்று கிண்ணத்தோடு வந்தாள் ஆவுடைத்தாய். போன மாதம்தான் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தவள். "என்ன, ஊருக்குப் போற பேச்சு நடக்கு? நாங்க போன ஆடியில கோமதியம்மன் ஊருக்குப் போனோம்."

"எது, சங்கரன்கோயிலா?" என்றான் பழனி.

"வேணும்னே கேக்கியள் அண்ணாச்சி! எங்க வீட்டுல அவுக பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?" அவள் முகம் சிவந்துவிட்டது. "பஸ்ல டிக்கெட் எடுக்கையிலயும் கோமதியம்மன் ஊருன்னுதான் கேட்பேன். கண்டக்டர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு."

பழனி அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தான். சங்கரன் கொடுத்து வைத்தவன்.

ஆவுடைத்தாய் குனிந்து, அவன் மடியிலிருந்த சுந்தரியின் கன்னத்தைக் கிள்ளினாள். "என்ன அண்ணாச்சி, மூக்கும் முழியும் உங்க சாடை கொஞ்சமும் இல்லையே! யாரைக் கொண்டிருக்கா இவ?"

மாரித்தாய் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். அதற்குள் பழனி முந்திக்கொண்டான்.

"மூக்கை ஏன் பாக்கியள்? காதைப் பாருங்க. இப்படி முறம் மாதிரி காது தென்காசியில எனக்கும் எம் மகளுக்கும் மட்டுந்தான்."

சுந்தரி அவன் இரண்டு காதையும் பிடித்து இழுத்து, "ப்பா, கூ!" என்றாள். ரயில் ஓட்ட வேண்டுமாம். அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கூ... குச்சு குச்சு" என்று முற்றத்தைச் சுற்றி ஓடினான். ஆவுடைத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வடிவாம்பாள் சிரிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

'நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?' பழனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் மனசுப்படியே நடக்கட்டும் என்று, பாஸுக்கான தாளில் பழனி என்று எழுதி மடித்து வைத்தான்.

காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போது வடிவாம்பாள் ஓடி வந்தாள். இடுப்பில் சுந்தரி.

"எழுதிட்டியளா?"

"எழுதியாச்சு."

"அந்த ஊரு வேண்டாம்."

"எந்த ஊரு?"

"அதான்... நீங்க எழுதினது. அந்த முருகன் ஊரு."

பழனி சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "பேரைச் சொல்லேன்."

"எப்படிச் சொல்ல?" அவள் குழந்தையின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நேத்தெல்லாம் சொன்னியே?"

"நேத்து சொன்னா? இன்னைக்கு வரமாட்டேங்கு. விடுங்களேன்!"

அவன் மடித்து வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்தான். "அப்பம் எங்கன போவோம்?"

வடிவாம்பாள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"குற்றாலத்துக்குப் போவோம்," என்றாள் தெளிவாக.

"அங்கன தண்ணி இருக்காதே?"

"பரவாயில்ல. பிள்ளை பாறையில ஓடி விளையாடட்டும்."

உள்ளே மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுந்தரி பிறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட தன் முதல் கணவனின் பேரை, வடிவாம்பாள் அன்றுதான் முதல் தடவையாக ஓர் ஊரின் பேராகச் சொன்னாள்.