பதினெட்டுக்குப் பதினெட்டு

“மறுபடியுமா? காலையிலேர்ந்து இது ஏழாவது தடவை,” என்றாள் சூப்பர்வைசர். காலர் தைக்கும் வெங்கலம் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

வெண்கலத் தொண்டை என்பதால் வந்த பெயர். பதினேழு தையல் மெஷின்கள் சேர்ந்து ஓடினாலும் அவள் குரல் மேலே கேட்கும். இன்றைக்கு அது கேட்கவேயில்லை. வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ், சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் இங்கே வருவது மூன்றாவது முறை. முதல் முறை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே பரிசோதனை என்றதும் மெஷின்கள் அத்தனையும் நின்றன. டாக்டர் முன்னால் படுக்க வேண்டும் என்றதும் அத்தனையும் மறுபடி ஓடின.

இரண்டாவது முறை, டாக்டரே வேண்டாம் என்றாள். “சின்ன பிரஷ்தான். நீங்களே கழிப்பறைக்குப் போய், உள்ள விட்டு, நாலு சுத்து சுத்தி, இந்தக் குழாய்ல போட்டு மூடிக் குடுத்தா போதும்.”

“நாங்களேவா? கருமம்!” பட்டன் தைப்பவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூணு பெத்தப்ப வராத வெக்கம் இப்ப எங்கேர்ந்துடி வருது?” என்றாள் வெங்கலம்.

“அதுங்க வெளிய வந்ததுக்கா. இது உள்ள போறது.”

“அப்ப அதுங்க மட்டும் ஆகாயத்துலேர்ந்து குதிச்சுதாக்கும்!”

கூடமே சிரித்தது. சூப்பர்வைசர் மேசையைத் தட்டினாள். “ஒருத்தி குடுக்கலைன்னாலும் பாத்துக்குங்க. எனக்கு நூறு சதவீதம் வேணும். வெக்கம், மானம்னு எவளாவது கதை சொன்னா கெட்ட கோவம் வரும். நானே குடுக்கறேன், உங்களுக்கென்னடி?”

இன்று அதற்குப் பலன். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து, தன் பெயர் ஒட்டிய குழாயை, நன்றாகப் படிக்கும் பிள்ளை பரீட்சைத் தாளை நீட்டுவதுபோல நீட்டினாள். மூன்று மணிக்குள் பதினேழு. நர்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊதுகிற சங்கை ஊதினால் விடியத்தான் செய்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்த வெங்கலத்திடம் போனாள். இத்தனை தடவை எழுந்து போயும், தைத்து முடித்த காலர்கள் அவள் பக்கத்தில்தான் உயரமாக அடுக்கியிருந்தன. கைவேகம் என்றால் இதுதான்.

“சர்க்கரை பாத்தியாம்மா?”

“எனக்கென்ன சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன்.”

சூப்பர்வைசர் வந்து, “நீ கொஞ்சம் உள்ள வா,” என்று அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் பாவம் என்று நர்ஸ் நினைத்தாள். அரைமணி கழித்து சூப்பர்வைசர் தன் குழாயைத் தானே கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். பதினெட்டு.

மறுவாரமே சுவரில் சான்றிதழ் ஏறியது. ‘விழிப்புணர்வில் முதலிடம்.’ முடிவு வருவதற்கு முன்பே சட்டமும் கண்ணாடியும் போட்டாகிவிட்டது.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். பதினெட்டுப் பேருக்கும் அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய கிருமி. ஆய்வகத்தில் இரண்டாம் முறையும் பார்த்துவிட்டார்கள். “முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல,” என்றார். “அங்க தண்ணியில ஏதாவது...” என்று தொடங்கியவர், தான் டாக்டர் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

தனித்தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. எல்லோருக்கும் அதேதான் என்றான பிறகு ரகசியம் யாரிடம் காப்பது? நர்ஸ் மெஷின்களை நிறுத்தச் சொன்னாள்.

“பயப்படாதீங்க. உங்க பதினெட்டுப் பேருக்கும் கிருமி இருக்கு. இது புத்துநோய் இல்ல. நெறைய பேருக்குத் தானாவே போயிடும். சிலருக்குத் தங்கிட்டா, பல வருஷம் கழிச்சு புத்துநோயாகலாம். அதனால டாக்டர் உள்ள ஒரு தடவை பாக்கணும். இப்பவே புடிச்சா சரிபண்ணிடலாம்.”

மயங்கி விழுபவர்களுக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தாள். யாரும் விழவில்லை. பதினாறு முகங்களும் காலர் மெஷின் பக்கம் திரும்பின. சூப்பர்வைசர் மட்டும் சான்றிதழைப் பார்த்தாள்.

பட்டன் தைப்பவள் ஓடிப்போய் வெங்கலத்தைக் கட்டிக்கொண்டாள். “அய்யோ, உனக்காக்கா!”

“உனக்கும்தாம்மா வந்திருக்கு,” என்றாள் நர்ஸ்.

“எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்,” என்று சொல்லி இன்னும் பெரிதாக அழுதாள் அவள்.

அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நர்ஸ் முடிவு செய்தாள். “வியாழக்கிழமை பதினெட்டுப் பேருக்கும் வண்டி அனுப்பறேன்.”

வெங்கலம் எழுந்தாள். கை மெஷினைப் பிடித்திருந்தது. குரல் மட்டும் கூடத்தின் கடைசி வரை கேட்டது.

“வண்டி வேணாம் சிஸ்டர். நான் ஒருத்தி பஸ்ல வந்துடுவேன்.”

“மத்தவங்க?”

“அவளுங்களை இனிமேதான் சோதிச்சுப் பாக்கணும். எனக்குப் பதிலா அவளுங்க காலர் தெச்சாளுங்க. அவளுங்களுக்குப் பதிலா நான் பிரஷ் சுத்திக் குழாய்ல போட்டேன், மேடத்துக்கும் சேத்து.”