பதினோரு மணித் தண்ணீர்

"அந்த விடியற்காலைப் பக்கத்தை மட்டும் எடுத்துடும்மா" என்று அண்ணன் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

மாட்டேன் என்று நானும் மூன்றாவது முறையாகத் தலையாட்டினேன்.

ஏரிக்கரைத் தொழிற்சாலை இன்னொரு மடங்கு பெரிதாகப் போகிறது. அதன் கழிவுநீரை ஏரி தாங்குமா என்று மதிப்பிட்டுச் சொல்வது அண்ணனும் நானும் நடத்தும் சின்ன நிறுவனத்தின் வேலை. ஐந்து மணிக்குள் அறிக்கை அரசுக்குப் போக வேண்டும். மணி நாலே முக்கால்.

அந்தத் தொழிற்சாலை வந்ததே ஒரு பழைய அறிக்கையால்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நாற்பத்தெட்டு முறை ஏரித் தண்ணீரைச் சோதித்தார்களாம். நாற்பத்தெட்டு முறையும் மீன்களுக்குப் போதுமான ஆக்சிஜன் இருந்ததாம். ஆபத்தே இல்லையாம்.

இருக்காதா பின்னே? அலுவலக ஜீப் பத்து மணிக்குத்தான் கிளம்பும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் எடுத்தது பகல் பதினோரு மணிக்கு. வெயிலில் பாசி ஆக்சிஜனை வாரி வழங்கும் நேரம்.

இந்த முறை ஏரிக்குள் சென்சார்களை இறக்கினோம். வருடம் முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு. லட்சக்கணக்கான எண்களைக் கணினியில் ஏற்றி, கழிவுநீர் இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன்.

இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியற்காலை நாலு மணிக்கு ஏரிக்கு மூச்சு முட்டுகிறது. இப்போதே. இரட்டிப்பானால் ஒரு கோடைகூடத் தாங்காது. அங்கே வலை வீசிப் பிழைக்கும் இருநூறு குடும்பங்கள் எங்கே போகும்?

பழைய அறிக்கையை எழுதிய அறிவாளிக்கு நாலு மணிக்கு நல்ல தூக்கம் போலிருக்கிறது.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் புதிய அறிக்கையும் 'ஆபத்து இல்லை' என்றுதான் முடியும். அதற்கு என் கை வராது.

"இந்த அறிக்கை போச்சுன்னா, பழசுல கையெழுத்துப் போட்ட ஆளோட உரிமமும் போயிடும். அப்புறம் இந்தத் தொழில் பக்கமே தலைவைக்க முடியாது. புரியுதா?" என்றார் அண்ணன்.

"புரியுதுண்ணே. போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. அனுப்பினேன்.

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பழைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் இணைத்திருந்தேன். அடியில் இருபத்தாறு வயதில் நான் போட்ட கையெழுத்து. படிக்க யாரும் கண்ணாடி தேட வேண்டாம், பளிச்சென்றே இருக்கிறது.