சோப்புத் தண்ணீர் கேட்கும் தரை

வீபோர் நகரத்து மரக்கடைக் கண்ணாடியில் மழை வழிகிறது. சாம்பல் வெளிச்சத்தில் வீட்டுத் தரைக்குப் போட மாதிரியாக இரண்டு ஓக் மரப் பலகைகள் கிடக்கின்றன, கண்ணுகளே. ஒன்று எண்ணெய் குடித்த தேன் நிறம், உடம்பெல்லாம் கணு. மற்றது பால் வெள்ளை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்தே அந்த வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும். குட்ரூன் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தேன் நிறப் பலகைமேல் நிற்கிறாள். கடைக்காரனோ அவள் கணவன் அஸ்கரின் முகத்தைப் பார்த்தே பேசுகிறான். "வெள்ளைதாங்க அழகு. வாரம் ஒரு தடவை தேய்ச்சா போதும்." அஸ்கர் தலையாட்டுகிறான். "அதையே போடுங்க. என் தம்பி வீட்டுலயும் அதுதான்."

"யாரு தேய்க்கிறது?" குட்ரூனின் காது மடல் சிவந்துவிட்டது. "இருபத்தொன்பது வருஷமா நீ சிந்தின காப்பியும் பீட்ரூட்டும் என் முட்டியில இருக்கு, பாரு!" "கடையில வந்தா கத்துவ?" என்று பல்லைக் கடிக்கிறான் அஸ்கர். செய்துகாட்ட வைத்திருக்கும் சோப்பு வாளியை அவள் தூக்கி வந்து வெள்ளைப் பலகையருகே ணங்கென்று வைக்கிறாள். "மண்டி போடு. இந்த ஒரு பலகையைத் தேய்ச்சுக் காட்டு. அப்புறம் எதை வேணா வாங்கு." அஸ்கர் கடைக்காரனைப் பார்க்கிறான். கடைக்காரன் மழையைப் பார்க்கிறான். நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாய் உடைகின்றன. பாதி குனிந்த அஸ்கர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். "சரி, தேன் நிறமே இருக்கட்டும்." கடைக்காரன் பென்சிலோடு முதல் தடவையாகக் குட்ரூன் பக்கம் திரும்புகிறான். "எத்தனை சதுர மீட்டருங்க?"

"இவ்வளவு நேரமும் நான் இங்கதான் நின்னேன்," என்கிறாள் அவள்.